வாயைத் திறக்கும் முன் பேச வேண்டும்

கிராம்பும் பெனடோலும் கைவிட்ட பிறகுதான் நம்மவர்கள் பல் வைத்தியரிடம் போகிறார்கள். ஒரு நாள் பேரை இழந்து, பஸ் ஏறி, துண்டு எடுத்து, வரிசையில் நின்று கதிரையில் உட்கார்ந்ததும், சிங்களத்தில் கேட்கப்படும் எல்லாவற்றுக்கும் "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிடுகிறோம்.

"ரிதெனவாத" என்றால் வலிக்கிறதா என்பது நமக்குத் தெரியும். ஆனால் வைத்தியர் அதை மட்டும் கேட்பதில்லை. சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க குளிசை குடிக்கிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, பிள்ளைத்தாச்சியா என்றும் கேட்கிறார். இதில் ஒன்றுக்குத் தவறாகத் தலையாட்டினால் பல்லைப் பிடுங்கிய பின் இரத்தம் நிற்காமல் போகலாம். பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், அன்று கொப்பளிக்கவோ வெற்றிலை போடவோ கூடாது என்பதும் புரியாமலே லயத்துக்குத் திரும்புகிறோம்.

துணைக்குப் பள்ளிப் பிள்ளையைக் கூட்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. கர்ப்பமா என்ற கேள்வியைப் பத்து வயது மகன் தாயிடம் எப்படிக் கேட்பான்? காது கேளாதவர்களின் பாடு இன்னும் மோசம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு முகக்கவசம் அதையும் மறைத்துவிடுகிறது. அவர்களிடம் எழுதிக் காட்டலாம், படம் காட்டலாம், சற்றுத் தள்ளி நின்று கவசத்தை இறக்கிப் பேசலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

வைத்தியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். பொறுமையாகத் தமிழ் பழகிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அப்படியிருக்க, விளங்கிக்கொள்வது நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருக்கக் கூடாது. தோட்ட மக்கள் போகும் ஒவ்வொரு பல் கிளினிக்கிலும் தமிழ் தெரிந்த ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். பல் பிடுங்கிய பின் கொடுக்கும் அறிவுறுத்தல் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். சுகாதார அதிகாரிகளிடம் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான்.

அதுவரை தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளின் அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வாயில் கருவி இருக்கும்போது எந்த மொழியும் பேச முடியாது. ஆகவே, வலித்தால் கையைத் தூக்குவேன், நிறுத்துங்கள் என்று ஊசி போடும் முன்பே சைகையால் பேசிக்கொள்ளுங்கள்.