நம் வட்டார வைரஸை நாமும் படிக்க வேண்டும்

மாணவர்களே, இடைவேளையின்போது நண்பரின் தண்ணீர்ப் புட்டியை வாங்கி ஒரு மிடறு குடித்திருக்கிறீர்களா? அப்படியானால் எப்ஸ்டைன்-பார் வைரஸ் உங்களிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கக்கூடும். எச்சில் வழியாகப் பரவும் இந்த வைரஸ், உலகில் உள்ள பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோரின் உடலில் இருக்கிறது. சிறு வயதில் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. பதின்ம வயதில் தொற்றினால் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வு ஆகியவை வரும். இதற்குச் சுரப்பிக் காய்ச்சல் என்று பெயர். அதன்பின் வைரஸ் நம் வெள்ளை அணுக்கள் சிலவற்றில் ஒளிந்துகொண்டு ஆயுள் முழுதும் தங்கிவிடும். பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை.

உலகமெங்கும் இருப்பதால், எல்லா இடத்திலும் இருப்பது ஒரே வைரஸ்தான் என்று நினைத்துவிடுகிறோம். அது தவறு. நம் வட்டாரத்தில் உலவும் வைரஸ்களின் மரபணுக்களை நாமும் படித்தாக வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

உகாண்டாவில் சிறுவர்களின் தாடையில் வளரும் ஒருவகைப் புற்றுநோயை டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவர் கவனித்தார். அவர் அனுப்பிய திசுக்களை லண்டனில் ஆந்தனி எப்ஸ்டைன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோர் ஆராய்ந்து, 1964இல் இந்த வைரஸைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். 1984இல் அதன் மரபணுத் தொகுப்பு வெளியானது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளை மட்டும் கொண்டு எழுதப்பட்ட, ஏறத்தாழ 172,000 எழுத்து நீளமுள்ள புத்தகமாக அதை எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த வைரஸ் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? அமெரிக்காவில் சுரப்பிக் காய்ச்சல் கண்ட ஒரே ஒரு நோயாளியிடமிருந்து. அந்த மாதிரியில் ஏறத்தாழ 12,000 எழுத்துகள் விடுபட்டிருந்தன. பிற்பாடு நைஜீரிய நோயாளி ஒருவரின் செல்களில் இருந்த வைரஸைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பினார்கள். ஆக, உலகமே ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப் பிரதி இரண்டு பேரின் வைரஸை ஒட்டவைத்து உருவானது. அந்த இருவரில் ஆசியர் யாரும் இல்லை.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். இந்த வைரஸில் இரு பெரும் வகைகள் உண்டு. முதல் வகை உலகெங்கும் பரவியிருக்கிறது. இரண்டாம் வகை ஆப்பிரிக்காவிலும் பாப்புவா நியூ கினியிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. முதல் வகைக்குள்ளும் வட்டாரத்துக்கு வட்டாரம் எழுத்துகள் மாறுகின்றன. தென் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் இந்த வைரஸோடு தொடர்புடைய மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அதிகம். மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் வரும் நோய் இது. அந்த நோயாளி ஒருவரின் வைரஸ் முழுமையாகப் படிக்கப்பட்டது 2005இல்தான். அவர் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தவர். முதல் பிரதி வந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2019இல் சீன, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். வைரஸின் பிஏஎல்எஃப்2 என்ற மரபணுவில் இரண்டு இடங்களில் ஏற்பட்ட எழுத்து மாற்றங்கள் இந்தப் புற்றுநோயோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தன. தென் சீனாவில் இந்நோய்க்கான ஒட்டுமொத்த அபாயத்தில் 83 விழுக்காட்டுக்கு இவை பங்களிக்கின்றன என்பது அவர்களின் கணக்கு. 172,000 எழுத்துகளில் இரண்டே இரண்டு! அமெரிக்க நோயாளியின் வைரஸை மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் இது தெரிந்திருக்காது. பல நூறு வைரஸ்களை, நோயாளிகளிடமிருந்தும் நலமானவர்களிடமிருந்தும் எடுத்து, ஒப்பிட்ட பிறகே தெரிந்தது.

“அப்படியானால் இது சீனர்களின் நோய்” என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். இந்தப் பேச்சை நீங்கள் ஏற்கக் கூடாது. சரவாக்கின் பிடாயூ மக்களிடையேயும் இந்நோய் அதிகம். அவர்கள் சீனர்கள் அல்லர். அபாயமான எழுத்து மாற்றம் கொண்ட வைரஸைச் சுமக்கும் தென் சீன மக்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. பரம்பரை மரபணுக்கள், சிறு வயது முதல் உண்ணும் சீன முறை உப்பு மீன், புகைப்பழக்கம் ஆகியவையும் சேர்ந்துதான் அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆப்பிரிக்காவில் பர்கிட் கண்ட நோய்க்கு மலேரியாவும் துணைக் காரணம். வைரஸின் வகையைப் படிப்பது ஓர் இனத்தின்மீது முத்திரை குத்துவதற்காக அல்ல. இனப் பெயரை வைத்து ஊகிப்பதை விட்டுவிட்டு, உண்மையான காரணத்தைத் தேடுவதற்காகவே.

செலவு அதிகமாகாதா என்றும் கேட்கலாம். ஆகும்தான். ஆனால் பலனைப் பாருங்கள். ஹாங்காங்கில் நோய் அறிகுறி இல்லாத சுமார் 20,000 ஆண்களின் இரத்தத்தில் இந்த வைரஸின் டிஎன்ஏ இருக்கிறதா என்று சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி 34 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு அது தொடக்கக் கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தில் சிகிச்சை நல்ல பலன் தரும். யாரை அடிக்கடி சோதிப்பது என்று தீர்மானிக்க, அவரிடமுள்ள வைரஸின் வகையும் இனி உதவக்கூடும். ஆனால் சரவாக்கிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் எந்த வகை எவ்வளவு உலவுகிறது என்பதை வேறு நாட்டு மாதிரிகள் நமக்குச் சொல்லமாட்டா. இந்த வைரஸுக்கு நாளை ஒரு தடுப்பூசி வரும்போதும், அது நம்மிடம் உள்ள வகைகளைத் தடுக்குமா என்ற கேள்வி எழும்.

உங்களில் சிலர் சில ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவீர்கள். அப்போது ஒரு மூலப் பிரதியைக் கையில் எடுத்தால், இது யாருடைய உடலிலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். அதுவரை வீட்டில் ஒன்றைச் சொல்லிவையுங்கள். கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது அடைப்பு, சளியோடு இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இரண்டு மூன்று வாரங்களுக்குமேல் நீடித்தாலும், எந்த இனத்தவரானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.