கடைவாசலிற் கறுப்பு வெள்ளைக் கட்டம்

மட்டக்களப்பு நகரத்துப் பலசரக்குக் கடையிலும், மருந்துக் கடையிலும், தேநீர்க் கடையிலுங்கூட இப்பொழுது ஒரு சிறு சதுரம் நம்மை வரவேற்கின்றது. பன்பாயின் ஒரு துண்டை வெட்டி ஒட்டியதுபோலக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் நிறைந்த சதுரம் அது. கியூ.ஆர். என்பது அதன் பெயர். விரைந்த மறுமொழி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. நம் பிள்ளைகள் அதன்முன் கைத்தொலைபேசியைப் பிடிக்கின்றனர், பணம் கைமாறிவிடுகின்றது. பிடிப்பது எப்படி என்பதை அவர்கள் நன்கறிவர். அதனுள் இருப்பது யாது என்று வகுப்பிற் கேட்டாலோ, மௌனமே விடையாகின்றது. ஆதலின் இவ்வாரம் அதனைப்பற்றிச் சிறிது பேசுவோம்.

இச்சதுரம் பிறந்தது ஜப்பானில், 1994ஆம் ஆண்டில். மோட்டார் வண்டி உறுப்புகளைச் செய்யும் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசஹிரோ ஹரா என்னும் பொறியியலாளர் இதன் தந்தை. அதற்குமுன் வழங்கியது, சவர்க்கார உறையிலும் பால்மாப் பெட்டியிலும் நாம் இன்றுங் காணும் கோட்டுக் குறி. அஃது ஏறக்குறைய இருபது எழுத்தையே தாங்கவல்லது. ஆகவே ஒரே பெட்டியிற் பல குறிகளை ஒட்டி, ஒவ்வொன்றாய்க் கருவியிற் காட்டித் தொழிலாளர் சலிப்புற்றனர். நண்பகல் ஓய்வில் ஹரா ஆடிவந்த 'கோ' என்னும் பலகை விளையாட்டே அவருக்கு வழிகாட்டிற்று. கட்டமிட்ட பலகையிற் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடுவது அது. குறுக்கே மட்டுமன்றி நெடுக்கேயும் செய்தியை நிரப்பலாம் என்னும் எண்ணம் அதிலிருந்து எழுந்தது.

சதுரத்தின் மூன்று மூலைகளில் கட்டத்துக்குள் கட்டமாய் மூன்று சிறு சதுரங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செய்தி எங்கே உள்ளது, எந்தப் பக்கம் மேற்பக்கம் என்பவற்றைக் கருவிக்கு உணர்த்துவன அவையே. அத்தகைய உருவம் வேறு அச்சுகளில் தற்செயலாய் வந்துவிடலாகாதன்றோ? அதற்காக ஹராவும் துணைவரும் செய்தித்தாள்களையும் சஞ்சிகைகளையும் அட்டைப் பெட்டிகளையும் ஆராய்ந்து, மிக அரிதாய்க் காணப்படும் கறுப்பு வெள்ளை விகிதமொன்றைத் தேர்ந்தெடுத்தனர். 1:1:3:1:1 என்பது அவ்விகிதம். அளவுகோலும் கையுமாக மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

எனக்குப் பெரிதும் பிடித்தது இன்னொன்று. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படியும் என்பதை எதிர்பார்த்தே இதனை ஆக்கினர். அமைப்புக்கேற்ப, முப்பது வீதம் வரையிற் சிதைந்தாலும் எஞ்சியதிலிருந்து முழுச் செய்தியையும் மீட்கலாம். 1960இல் ரீட், சொலமன் என்னும் அமெரிக்கர் இருவர் வகுத்த கணித முறை இதற்கு அடிப்படை. 4, 7, 9 என மூன்று எண்களை எழுதி, கூட்டுத்தொகை 20 என்பதையும் பக்கத்திற் குறித்து வைப்போம். நடு எண்ணை எலி தின்றுவிட்டாலும் அது 7 என்று கண்டுகொள்ளலாமல்லவா? அவர்கள் முறை இதனினும் மிக நுட்பமானது. ஆயினும் அடிக்கருத்து இதுவே. அட்சரகணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இச்சதுரத்தைக் காட்டுக. டென்சோ நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தும் அதனைக் கொண்டு பிறரைத் தடுக்கவில்லை. உலகெங்கும் இது பரவியமைக்கு அப்பெருந்தன்மையும் ஒரு காரணம்.

நம் நாட்டில் வண்டி உள்ள வீடுதோறும் இதனைக் கொண்டுவந்தது செழிப்பன்று, தட்டுப்பாடு. அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் அருகிய 2022ஆம் ஆண்டை யார் மறப்பர்? எழுவான்கரையிலிருந்து படுவான்கரைப் பாடசாலைகளுக்குச் செல்வோர் சைக்கிளை மிதித்தனர். சிறுபோக வேளாண்மை வெட்டுக்கு டீசல் தேடி விவசாயிகள் அலைந்தனர். எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாய் வரிசை நின்றது. அவ்வாண்டு யூலையில் தேசிய எரிபொருள் அனுமதிமுறை அறிமுகமாயிற்று. அடையாள அட்டை எண்ணையும் வண்டியின் அடிச்சட்ட எண்ணையும் பதிந்தால் ஒரு சதுரம் கிடைக்கும். ஓகஸ்ட் 1 முதல் நாடெங்கும் அதுவே நடைமுறை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 எனத் தொடங்கினர். அளவு சொற்பமே; எனினும், இன்ன வாரத்தில் இவ்வளவு உறுதி என்னும் ஆறுதல் அதில் இருந்தது. 2023 செப்டெம்பர் 1இல் அம்முறை நிறுத்தப்பெற்றது.

அப்போது நல்ல கைத்தொலைபேசி இல்லாத முதியவரும் ஒதுக்கப்படவில்லை. பேரனோ அயலவனோ ஒருமுறை பதிந்து கொடுத்தாற் போதும். சதுரத்தைத் தாளில் அச்சிட்டு, 'லமினேற்' செய்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசிக்கும் கருவி நிலையத்து ஊழியர் கையில் இருந்தது. இன்று கடையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. தாள் கடைக்காரருடையது, கருவி நம்முடையது. மத்திய வங்கி 2018இல் நியமம் வகுத்த லங்கா கியூ.ஆர். முறையிற் பணம் செலுத்த, நல்ல தொலைபேசி, இணைய இணைப்பு, கணக்கிற் பணம் ஆகிய யாவும் வாங்குபவரிடம் இருத்தல் வேண்டும். சதுரம் பழையதுதான், சுமை ஏறிய தோள் மாறிவிட்டது. இந்த வேறுபாட்டைப் புதுமையைப் போற்றுவோர் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை.

மேலும், மனிதக் கண் வாசிக்கவொண்ணாத எழுத்து இது. கடைக்காரரின் சதுரத்தின்மேல் வேறொருவர் தம் சதுரத்தை ஒட்டிவிட்டால் நமக்கு வேறுபாடு தெரியாது. திரையில் தோன்றும் பெயரை வாசித்த பின்னரே பணத்தை அனுப்புமாறு பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல் நன்று.

2025 பெப்ரவரியில் 'கவ்பே' என்னும் அரச கொடுப்பனவு முறையும் தொடங்கப்பெற்றது. சிறு கட்டணமொன்றைச் செலுத்த அரைநாட் கூலியை இழக்கும் துன்பம் அதனால் ஒழியுமாயின் மகிழ்ச்சியே. ஆனால் 'பணத்தாள் வாங்கமாட்டோம்' என்று கடையோ கந்தோரோ சொல்லும் நாளை நான் விரும்பேன். வாவிக்கரையில் இறாலைக் கூறுகட்டி விற்கும் மூதாட்டியை எண்ணிப்பாருங்கள். வாங்கியவர் தொலைபேசியை நீட்டி, "அனுப்பிவிட்டேன், ஆச்சி" என்கின்றார். அத்திரையை வாசிக்க ஆச்சிக்குக் கண்ணொளி போதாது. இரவில் மகன் வந்து கணக்கைப் பார்த்த பின்னரே அன்றைய இறாலுக்கு விலை கிடைத்ததா என்பது தெரியும். பணத்தாளின் நிலை வேறு. இக்காலத்து இலங்கைப் பணத்தாள்களிற் பார்வையற்றோர் விரலால் தடவி அறியுமாறு புடைத்த புள்ளிகள் உள்ளன. கையில் வந்தது நூறா, ஐந்நூறா என்பதை ஆச்சி விளக்கேற்றாமலே சொல்லிவிடுவார்.