கடவுளைக் கேள்வி கேட்டவன் பூச்சாண்டியாம்!

2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்க மார்வெல் கம்பெனியார் "தோர்: லவ் அண்ட் தண்டர்" என்பதாக ஒரு படம் வெளியிட்டார்கள். டைரக்டர் டைக்கா வைட்டிட்டி. தமிழிலும் பேசவைத்து நம் கொட்டகைகளுக்கும் அனுப்பினார்கள். வீரச் சண்டையும் விகடமும் கலந்த படம். அதன் முதற்காட்சியைக் கண்ட பகுத்தறிவுக்காரர் எவரும், வெள்ளைக்காரன் துணிந்துவிட்டான் என்றே எண்ணியிருப்பார்.

காட்சி என்ன? கோர் என்னும் பக்தன், தண்ணீரற்ற பாலைவனத்தில் தன் பெண் குழந்தைக்காகக் கடவுளை வேண்டுகிறான். குழந்தை செத்துப்போகிறது. பிறகு பார்த்தால், அதே கடவுள் பக்கத்திலேயே ஒரு சோலையில் தின்று களித்துக்கொண்டிருக்கிறார்! செத்த பிறகாவது எங்களுக்குப் பலன் உண்டா என்று கேட்டால், அப்படியொன்றும் கிடையாதென்று சிரிக்கிறார். பக்தன் அவரைக் குத்திக் கொன்று, கடவுள்களையெல்லாம் ஒழிப்பதாகச் சபதம் செய்கிறான். கிறிஸ்டியன் பேல் என்ற நடிகர் இதை நடித்திருப்பது கல்லையும் கரைக்கும்.

தோழர்களே! பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு தாய் தகப்பனும் கேட்கவேண்டிய கேள்வியல்லவா இது? படம் பதில் சொல்லிற்றா? இல்லை. கேட்டவனையே குழந்தை திருடும் பூச்சாண்டியாக்கிவிட்டது. அவன் புத்தியைக் கெடுத்தது கையிலிருக்கும் சாபக் கத்தியாம்! அதாவது, கடவுளைச் சந்தேகிப்பது அறிவின் வேலையல்ல, பில்லி சூனியத்தின் வேலையாம். புரோகிதன் சொல்வதும் இதுதானே!

கடவுள்களின் மகாசபையில் ஜீயஸ் என்ற கிரேக்கக் கடவுள், களவுபோன குழந்தைகளை மீட்க உதவமாட்டேன் என்கிறார். கோர் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதையும் விகடமாக்கி, அலறும் ஆடுகளைக் காட்டி, மறக்கடித்துவிட்டார்கள்.

முடிவோ இன்னும் மோசம். செத்த குழந்தை பிழைக்கிறது, தகப்பன் சாகிறான், குழந்தையை வளர்ப்பவர் தோர் என்னும் கடவுளே! புற்றுநோயால் மாண்ட விஞ்ஞானிப் பெண் ஜேனுக்கும் வீரசொர்க்கம் கொடுத்தாகிவிட்டது. முதற்காட்சியில் இல்லையென்று சொன்ன மோட்சம், கடைசிக் காட்சியில் எப்படி முளைத்தது?

விகடம் கூடாதென்பது நம் வாதமல்ல. கடவுள்களைக் கேலி செய்தால் முதலில் கை தட்டுபவர்கள் நாமே. ஆனால் வழக்கை எடுத்துவிட்டு, வாதியைக் கொன்று, பிரதிவாதியைக் கதாநாயகனாக்குவது எந்த ஊர் நியாயம்? கடவுளை மறுத்தால் டிக்கட் விற்காது என்ற முதலாளிப் பயமன்றி இதற்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

ஆகவே, இப்படத்தைப் பார்க்க நேர்ந்தவர்கள், அந்தக் குழந்தை ஏன் தண்ணீரில்லாமல் செத்தது என்ற கேள்வியை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துச் சென்று, பூசை செய்கிறவர்களைக் கேட்பார்களாக.