வார்டில் வருகிற இங்கிலீஷ் பரீட்சையில் ஏன் வருவதில்லை?

பட்டாபிராமிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது இருபத்தொன்பது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். 'வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. பரீட்சை இரண்டு தடவை எழுதிவிட்டேன். கேட்பதிலும் படிப்பதிலும் நல்ல மார்க் வருகிறது. எழுதுவதும் பேசுவதும்தான் காலை வாருகின்றன. இரண்டு வளையல் அடகில் இருக்கிறது. வீட்டில் போதும் என்கிறார்கள். மூன்றாவது தடவைக்குப் பணம் கட்டட்டுமா, விட்டுவிடட்டுமா?' என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் வேலை என்றால், 1961-இல் வந்த ஆவடி டாங்கி ஃபாக்டரியும், அம்பத்தூர் எஸ்டேட்டும்தான். அப்பாக்கள் லேத் பிடித்த அந்த வீடுகளில் இப்போது பெண்கள் நர்ஸிங் படித்திருக்கிறார்கள். காலை லோக்கலில் வெள்ளை ஷூவும் சாப்பாட்டுக் கூடையுமாக ஏறுகிற பெண்களில் சிலர் கையில் ஓ.இ.டி. புத்தகம் இருக்கும். முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் என்பதால் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு மத்தியானம் நாலைந்து பேர் வருகிறார்கள். நான் பேஷன்ட்டாக நடிக்கிறேன், அவர்கள் பேசிப் பழகுகிறார்கள். டிகாஷன் எனது, பால் அவர்களது என்று ஏற்பாடு.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஓ.இ.டி. என்பது ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். வெளிநாட்டில் படித்து வருகிற டாக்டர், நர்ஸ் முதலியோருக்காக 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. இன்று மிருக வைத்தியர் உட்பட பன்னிரண்டு மருத்துவத் தொழில்களுக்கு உண்டு. பிரிட்டனின் நர்ஸிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சில் 2017 நவம்பரிலிருந்து இதை ஏற்கிறது. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி' கிரேடு வேண்டும். எழுதுவதில் மட்டும் 'சி பிளஸ்', அதாவது ஐந்நூறுக்கு முந்நூறு, போதும். கட்டணம் நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேலே போகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக்குக் கட்டணம் குறைவுதான். ஆனால் அதில் பொது விஷயம் பற்றி 250 வார்த்தை கட்டுரை எழுத வேண்டும். வார்டிலேயே காலம் கழித்த பெண்ணுக்கு ஓ.இ.டி. தோதானது என்பது என் அபிப்பிராயம்.

சகோதரியின் கேள்விக்கு என் பதில்: கட்டுங்கள், ஆனால் இந்த மாதம் வேண்டாம். முதலில் இரண்டு தடவையின் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு பரீட்சைகளின் மார்க்கைச் சேர்த்துக்கொள்ள அந்த கவுன்சில் 2023-இலிருந்து இடம் கொடுக்கிறது. அதற்கு முன் ஆறு மாதம்தான் இருந்தது. ஒரு தடவை பேசுவதில் பி, இன்னொரு தடவை எழுதுவதில் சி பிளஸ் என்றாலும் செல்லும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாலு பகுதியும் எழுதியிருக்க வேண்டும். இரண்டிலுமே எழுதுவது சி-க்குக் கீழே போகக் கூடாது, மற்ற மூன்றும் சி பிளஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது. இந்தக் கணக்கைப் பார்க்காமலே மறுபடி பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்குக்கு ஆயுள் இரண்டு வருடம் என்பதையும் நினைவில் வைத்துத் தேதி குறியுங்கள்.

இனி எழுதும் பகுதிக்கு வருவோம். மொத்தம் நாற்பத்தைந்து நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம் கேஸ் நோட்ஸைப் படிக்க மட்டும், அதில் எழுதக் கூடாது. மீதி நாற்பதில் 180 முதல் 200 வார்த்தை அளவில் ஒரு கடிதம்.

என்னிடம் வருகிற பெண்களில் ஒருத்தி முதல் நாள் எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். 68 வயதுப் பெரியவர், சர்க்கரை நோய், வலது காலில் ஆறாத புண். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்புகிறார். தனியாக இருப்பவர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. ஊசி போட இப்போதுதான் கற்றுக்கொண்டார், கை நடுங்குகிறது. வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிற கம்யூனிட்டி நர்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும். நம் ஊரில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெண் என்ன செய்தாள்? அட்மிஷன் தேதியில் ஆரம்பித்தாள். எக்ஸ்ரே நார்மல், இருபது வருடத்துக்கு முந்தைய அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், ஒவ்வொரு நாள் பிரஷர் என்று நோட்ஸ் முழுக்க இறக்கி வைத்தாள். இலக்கணம் சுத்தம். கை நடுங்குகிற விஷயம் மட்டும் கடைசி வரியில், அதுவும் அவசரத்தில். நான் கேட்டேன்: "ஏம்மா, நீ டூட்டிக்குப் போறப்போ குழந்தைய உன் மாமியார்கிட்ட விட்டுட்டுப் போறியே, என்ன சொல்லிட்டுப் போவே?"

"நாலு மணிக்கு சிரப் குடுங்க அத்தை, ஜொரம் ஏறுனா போன் பண்ணுங்கன்னு சொல்லுவேன் டீச்சரம்மா."

"பிரசவம் சிசேரியன்னு சொல்லுவியா?"

சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் அவள் எழுதிய கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே, இன்னார் இன்று வீடு திரும்புகிறார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றவும், தானே ஊசி போடப் பழகும் வரை கூட இருக்கவும் உங்கள் உதவி வேண்டும் என்று வந்துவிட்டது. பெனிசிலின் விஷயம் இருந்தது. அப்பெண்டிக்ஸ் காணாமல் போயிருந்தது. திருத்துகிறவர்கள் ஆறு விஷயம் பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் நேராக இங்கிலீஷ் மொழி பற்றியது. கடிதத்தின் நோக்கம் தெரிகிறதா, வேண்டியது இருக்கிறதா, வேண்டாதது போயிற்றா, ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா, தொழில் கடிதத்தின் தோரணை இருக்கிறதா என்பவைதான் மற்றவை.

இந்தப் பெண் முன்பு போன பயிற்சி நிலையம் ஒன்றில் எல்லாக் கடிதத்துக்கும் பொதுவாக ஒரு முதல் பாராவும் ஒரு கடைசி பாராவும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். கட்டணம் மட்டும் பொதுவாக இல்லை, நன்றாகவே வாங்கியிருக்கிறார்கள்! பிரசவித்த தாய்க்கும் புண் ஆறாத பெரியவருக்கும் ஒரே முதல் பாரா எப்படிப் பொருந்தும்? படித்தவுடனே தெரிந்துவிடும். ஓ.இ.டி. நடத்துகிறவர்களே மாதிரித் தாள்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவற்றை வைத்து வாரம் இரண்டு கடிதம், கடிகாரம் பார்த்து எழுதினால் போதும். எழுதியதை மறுநாள் எடுத்து, 'இந்த வரி இல்லாவிட்டால் அந்த நர்ஸுக்கு என்ன குறையும்?' என்று வரிக்கு வரி கேளுங்கள்.

நம் ஆபீஸ் இங்கிலீஷையும் கொஞ்சம் துடைக்க வேண்டும். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் எதைச் செய்வது என்று அங்கே முழிப்பார்கள். 'ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்பது தமிழை அப்படியே இங்கிலீஷில் போட்டது. 'ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று பழக வேண்டும். 'ஷுகர் பேஷன்ட்' வேண்டவே வேண்டாம்.

பேசும் பகுதி சுமார் இருபது நிமிஷம். முதலில் உங்கள் வேலையைப் பற்றிச் சும்மா இரண்டு வார்த்தை, அதற்கு மார்க் கிடையாது. பிறகு இரண்டு நாடகம் மாதிரி. ஒரு கார்டு கொடுப்பார்கள், மூன்று நிமிஷம் யோசிக்கலாம், ஐந்து நிமிஷம் பேச வேண்டும். எதிரே இருப்பவர் பேஷன்ட்டாகவோ உறவுக்காரராகவோ நடிப்பார். அவர் மார்க் போடுவதில்லை. பேச்சு பதிவாகி வேறு இடத்தில் உள்ளவர்கள் கேட்டு மார்க் போடுகிறார்கள். ஆகவே அவர் முகம் கடுகடுவென்று இருந்தால் பயப்படாதீர்கள். கடுகடுப்பே அவருடைய பாத்திரமாக இருக்கலாம்!

ஒரு ஞாயிறு எனக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய் வேஷம். பிள்ளைக்கு டைப் ஒன் சர்க்கரை, புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு இன்சுலின் ஊசி வேண்டாம். அம்பத்தூர்ப் பெண் ஒருத்தி நர்ஸ். 'டோன்ட் வொர்ரி மேடம்' என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஒன்றரை நிமிஷம் இன்சுலினைப் பற்றி ஒப்பித்தாள். பிறகு மௌனம். கார்டில் மிச்சம் ஒன்றுமில்லை.

"கார்டை மூடி வை. உன் வார்டுல இந்த அம்மா வந்தா தமிழ்ல எப்படிப் பேசுவே, அதைப் பேசு" என்றேன்.

நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உக்காருங்கக்கா. ஊசின்னதும் பயந்துட்டீங்க போல இருக்கு. யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"ஊசி ஆரம்பிச்சா ஆயுசு பூரா நிக்காதுன்னு எங்க மாமியார் சொல்றாங்கம்மா."

"அவங்க சொல்றதுல தப்பில்லக்கா. ஆனா ஊசி போடறதால அப்படி ஆகல. இந்த வகை சுகர்ல புள்ள உடம்புல இன்சுலின் சுரக்கறதில்ல, அதனால வெளியிலேருந்து குடுத்துத்தான் ஆகணும். குடுத்தா அவன் எல்லாப் புள்ளைங்க மாதிரி ஓடி ஆடுவான். எப்படிப் போடறதுன்னு நானே காட்டறேன். இப்ப நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

எனக்கே கண் கலங்கிவிட்டது, நான் அந்தத் தாய் இல்லை என்பது மறந்து. 2018-இலிருந்து பேசும் பகுதியில் மொழியோடு கூட, நோயாளியிடம் உறவாடுகிற விதத்துக்கும் மார்க் உண்டு. அவள் பயம் என்ன என்று கேட்டாயா, அதை மனதில் வைத்துப் பதில் சொன்னாயா, அவளுக்குப் புரிந்ததா என்று சரிபார்த்தாயா என்பவை அதில் வருகின்றன. இந்தப் பெண் தமிழில் அத்தனையும் செய்துவிட்டாள். இங்கிலீஷ் என்றதும்தான் நர்ஸ் போய் மாணவி வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கார்டானாலும் முதலில் தமிழில் ஒரு தடவை, அதே வரிசையில் இங்கிலீஷில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம். வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை என்று குறைப்பட வேண்டாம். மாமியாரையே பேஷன்ட்டாக்குங்கள். அவர் தமிழில் கேட்கட்டும், நீங்கள் இங்கிலீஷில் பதில் சொல்லுங்கள். மாமியார் கேட்கிற குறுக்குக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வராது!

டாக்டர்களிடம் பேசுகிற பெரிய வார்த்தைகள் இங்கே உதவாது. 'எடிமா' என்றால் பேஷன்ட்டுக்குப் புரியாது, 'ஸ்வெல்லிங்' போதும்.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கு முக்கியமாக இரண்டு தொல்லை. வார்த்தைக் கடைசியில் ஒரு 'உ' ஒட்டிக்கொள்ளும்: பெட்டு, டேப்லெட்டு, பெயினு. தமிழின் சுபாவம் அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. உதட்டை அங்கேயே நிறுத்தப் பழக வேண்டும். இரண்டாவது, நமக்கு ஒரே 'ப', ஒரே 'க'. 'பேக்' என்று எழுதினால் பையா முதுகா என்று தெரியாது. நோயாளியின் முதுகுவலி, பைவலி ஆகிவிடக் கூடாதல்லவா? செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் சகிக்காது, பத்தாம் நாள் பழகிவிடும். வெள்ளைக்காரர் மாதிரி மூக்கால் பேச வேண்டிய அவசியம் கிடையாது, தெளிவாகப் புரிந்தால் சரி.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-க்குப் பிறகு பிரிட்டன் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளும் ஓ.இ.டி.யை ஏற்கின்றன. ஆனால் கேட்கிற மார்க் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த கவுன்சிலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற ஏஜென்ஸி உங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்த அரசாங்கத்தின் நடத்தை விதியே சொல்கிறது. லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

உடம்பு விஷயம் பாக்கி. பேப்பர் பரீட்சையில் கேட்டலும் படித்தலும் முடித்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் களைத்த பிறகுதான் எழுதும் பகுதி வரும். ஆகவே வீட்டிலும் சில தடவை அந்த வரிசையிலேயே உட்கார்ந்து பாருங்கள். நைட் டூட்டி முடித்த கையோடு பரீட்சைக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று இரவாவது வீட்டில் ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும். டூட்டி லிஸ்ட் போடும் சிஸ்டரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். அன்று காலை இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். காப்பி வழக்கமான அளவே. ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போனால் வெளியே காத்திருக்கும்போது தொண்டைக்கு இதமாக இருக்கும். பாஸ்போர்ட்டை முதல் நாள் ராத்திரியே கைப்பையில் வைத்துவிடுங்கள்.