இளநீர் குடித்த நேரம் கணக்கில் சேருமா?

அடையாறில் விடியற்காலை சைக்கிளை எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போய் வருகிறவர்கள் பலர். போக வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். திரும்பியதும் டீக்கடையில் ஆரம்பமாகிறது பஞ்சாயத்து!

"மணிக்கு இருபத்தஞ்சுண்ணே!" என்பார் இளையவர்.

"அஞ்சு மணிக்குக் கிளம்பி பத்து மணிக்கு வந்து நிக்கிறே. அப்போ இருபதுதானே தம்பி?"

"நடுவுல ஒரு மணி நேரம் இட்லி, இளநீர்னு நின்னோமே. அதெல்லாம் சேராதுண்ணே!"

சேருமா, சேராதா?

சைக்கிள் மீட்டர் இரண்டையும் காட்டுகிறது. சக்கரம் சுற்றிய நேரம் ஒன்று. மொத்த நேரம் இன்னொன்று. இரண்டும் பொய் அல்ல. முதலாவது காலின் பலத்தைச் சொல்லும். இரண்டாவது பயணத்தைச் சொல்லும். பயணம் என்று பேச்சு வந்தால், நின்ற நேரமும் சேரத்தான் வேண்டும்.

ரயிலுக்கு என்ன கணக்கு?

அகல ரயில் பாதையில் இரு திசையிலும் சராசரி 55 கிலோமீட்டர் வேகம் இருந்தால்தான் 'சூப்பர் பாஸ்ட்' பட்டம். விழுப்புரத்தில் நின்ற நேரமும் அதில் அடக்கம். "நின்றதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றால், கூடுதல் கட்டணம் கொடுக்கும் பயணி சும்மா இருப்பாரா?

சென்னையிலும் நடக்கும் 'பிரெவே' என்ற நெடுந்தூர சைக்கிள் பயணத்திலும் இதே சட்டம்தான். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம். சாப்பாடு, பஞ்சர், குட்டித் தூக்கம் எல்லாம் அதற்குள்ளே! முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது.

தூங்கியவர் தோற்றார்

1891-ல் நடந்த முதல் பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ் பந்தயத்தில் முன்னால் போன ஜியெல்-லவால் படுத்துத் தூங்கினார். அந்த நேரத்தில் முந்திப் போனார் ஷார்ல் தெரோன். சுமார் 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் முடித்து ஜெயித்தார். தூங்கியதைக் கழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. "நமக்கு இருபத்தஞ்சு வேகம். 200 கிலோமீட்டர் எட்டு மணி நேரம்தானே? காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ரெண்டு மணிக்கு வீடு" என்று மனக்கணக்குப் போட்டு, விளக்கு இல்லாமல் புறப்படுகிறவர் என்ன ஆவார்? உச்சி வெயில் ஒரு மணி நேரத்தைத் தின்னும். பஞ்சர் ஒரு மணி. சாப்பாடு, தண்ணீர் என்று இன்னும் இரண்டு மணி. லாரி பறக்கும் சாலையில் இருட்டில் மாட்டிக்கொள்வார்!

கணக்கில் சேருவதால் ஓய்வை வெட்டுவதும் தப்பு. சராசரி குறையுமே என்று தண்ணீர் குடிக்காமல் மிதிப்பவர் மயங்கி விழுவார். பனகல் பார்க் சிக்னலிலும் லஸ் முனையிலும் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்கிறவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஊருக்குள் சராசரியே பார்க்க வேண்டாம்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். நின்றதை ஒளிக்காமல் சொல்லட்டும். இருபது என்றாலும் அது உண்மையான இருபது. இளநீருக்குக் காசு கொடுத்தவர் நேரத்தையும் கொடுக்கத்தானே வேண்டும்!