தவளைக்கு ஒரு கிளை

குளியலறைச் சுவரில் தேரை ஒட்டியிருந்தால் துடைப்பத்தைத் தேடுகிறோம். நானும் தேடியவள்தான்! தோழியரே, நம் மேட்டூர் அணைக்கு நீர் அனுப்பும் குடகு மலைக்காடுகளில் அதன் உறவு ஒன்று வாழ்கிறது. அதுவே மலபார் பறக்கும் தவளை. 1870-இல் ஜெர்டன் என்ற ஆங்கில மருத்துவர் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பகலில் இலையோடு இலையாய் ஒட்டிக்கிடக்கும். இரவில் விரலிடைச் செந்நிறச் சவ்வை விரித்து, காற்றில் மிதந்து மரம்விட்டு மரம் தாவும். மழைக்காலத்தில் நீர்க்குட்டைக்கு மேல் சாய்ந்த இலைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் அங்கிருந்து நேரே நீரில் விழும். அந்தக் கிளையை வெட்டிவிட்டால், குட்டை நிறைந்திருந்தும் என்ன பயன்? புலிக்கும் யானைக்கும் காடு கேட்கிறோம், சரிதான். குட்டையோரக் கிளையையும் விட்டுவையுங்கள் என்பது என் கட்சி. "தவளைக்கு வக்கீலா நீ?" என்று அம்மா சிரிக்கிறார். ஆம், வக்கீல்தான்.