திமிங்கிலம் அசையும்போது

நெல் வியாபாரி ஒருவர் தமது களஞ்சியத்திலிருந்து நூறு மூடைகளை வண்டியில் ஏற்றுகின்றார் எனக் கொள்வோம். விற்கப் போகின்றார் என்பார் ஒருவர். கூரை ஒழுகுவதால் வேறிடத்துக்கு மாற்றுகின்றார் என்பார் மற்றொருவர். கடனைத் தீர்க்க அனுப்புகின்றார் என்பார் இன்னொருவர். வண்டி நகர்வது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அவருடைய நோக்கமோ எவருக்கும் தெரியாது.

கிரிப்டோ நாணயச் சந்தையில் நாள்தோறும் நிகழ்வது இதுவேயாகும். 2009ஆம் ஆண்டு தோன்றிய பிட்கொயினின் பேரேடு உலகத்தார் அனைவரும் பார்க்கக்கூடியது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எத்தனை நாணயம் சென்றது என்பது அதில் உடனுக்குடன் பதிவாகும். ஆயின், அனுப்பியவர் பெயரோ காரணமோ அங்கே இராது. பெருந்தொகையான நாணயம் வைத்திருப்போரைச் சந்தையார் 'திமிங்கிலம்' என அழைப்பர். திமிங்கிலம் அசைந்தது என்ற செய்தி பரவியதும், அது விற்குமுன் நாம் விற்றுவிட வேண்டும் என்று சிறு முதலீட்டாளர் விரைகின்றனர். அந்த விரைவினாலேயே விலை சரிகின்றது.

2020 மே 20ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குவோம். பதினொரு ஆண்டுகளாக அசையாதிருந்த 50 பிட்கொயின்கள் அன்று இடம் பெயர்ந்தன. அவற்றின் பெறுமதி ஐந்து இலட்சம் டொலருக்கும் குறைவு. மொத்தச் சந்தையோ பதினாயிரம் கோடி டொலருக்கும் மேற்பட்டது. கடலில் ஒரு துளி எனலாம். எனினும், அந்நாணயங்கள் 2009 பெப்ரவரியில் உண்டானவை. ஆதலால், சாதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் மறைந்திருக்கும் பிட்கொயினின் கர்த்தாவே விற்கத் தொடங்கிவிட்டார் என்ற ஐயம் எழுந்தது. சில மணி நேரத்தில் விலை இறங்கியது. பேரேட்டை ஆராய்ந்தவர் பலர், அந்நாணயங்கள் அவருடையன அல்ல என்றே பின்னர் கருதினர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ?

மெய்யாகவே திமிங்கிலம் விற்ற வேளையும் உண்டு. ஜேர்மனியின் சக்சனி மாநில அதிகாரிகள், திரைப்படத் திருட்டு இணையத்தளம் ஒன்று தொடர்பான வழக்கில், 2024 ஜனவரியில் ஏறக்குறைய 50,000 பிட்கொயின்களைக் கைப்பற்றினர். ஜூன் நடுப்பகுதிக்குப் பின்னர் அவை சிறிது சிறிதாகச் சந்தைக்குச் சென்றன. அதே வேளையில், 2014இல் முறிந்துபோன டோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ் நிலையமும் தன் பழைய வாடிக்கையாளருக்கு நாணயங்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. இரண்டு அச்சமும் சேர்ந்தன. ஜூலை 5ஆம் நாள் பிட்கொயின் விலை 54,000 டொலருக்கும் கீழே வீழ்ந்தது.

ஜேர்மன் அதிகாரிகள் விற்றது ஏன்? விலை சரியும் என்று கணித்ததனால் அன்று. கைப்பற்றிய பொருளின் பெறுமதி பத்து வீதமளவில் குறையக்கூடுமாயின், வழக்கு முடியுமுன்னரே அதை விற்றுக் காசாக்க வேண்டும் என்பது அவர்களைக் கட்டிய விதி. ஜூலை 12ஆம் நாளளவில் விற்று முடித்து, ஏறக்குறைய 264 கோடி யூரோ பெற்றனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பிட்கொயின் விலை 100,000 டொலரைக் கடந்தது. அவர்களைப் பார்த்துப் பதறி விற்றவர்கள், சட்டக் கட்டளை ஒன்றைச் சந்தை ஞானம் என மயங்கியவர்களாயினர்.

அப்படியாயின் அச்சம் எப்பொழுதும் வீண்தானோ? அன்று. 2022 நவம்பர் 5ஆம் நாள், எப்.ரி.எக்ஸ். என்ற நிலையம் வெளியிட்ட எப்.ரி.ரி. நாணயத்தில் ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஒரே தடவையில் இடம் பெயர்ந்தது. மறுநாள் பினான்ஸ் நிலையத்தின் தலைவர், தம்மிடமுள்ள அந்நாணயத்தை விற்கப்போவதாக அறிவித்தார். மக்கள் தம் வைப்புகளை மீட்க முண்டியடித்தனர். நவம்பர் 11ஆம் நாள் எப்.ரி.எக்ஸ். முறிவு கோரி நீதிமன்றம் சென்றது. அங்கே பதறி ஓடியவர் தப்பினர். பொறுமையுடன் இருந்தவர் அகப்பட்டனர். ஆனால் அங்கும் உண்மையான எச்சரிக்கை நாணயம் நகர்ந்ததில் இல்லை. எப்.ரி.எக்ஸ். அதிபரின் மற்றொரு கொம்பனி, அந்த நிலையமே உண்டாக்கிய நாணயத்தைப் பெருமளவில் தன் சொத்தாகக் கணக்குக் காட்டியிருந்தது என்ற செய்தி நவம்பர் 2ஆம் நாளே வெளிவந்துவிட்டது.

ஆகவே, இந்தச் சந்தையில் நாட்டமுள்ள மாணவர்களும் இளைஞர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. திமிங்கிலத்தின் வாலைப் பார்த்து அதன் மனத்தை அறிய முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இந்த நாணயத்தின் பின்னால் நிற்பவர் யார்? அவர் கணக்கு நேரானதா? நம் காசு யார் கையில் இருக்கின்றது? இலங்கை மத்திய வங்கியும் 2022 ஜூலையில் இத்தகைய நாணயங்களின் ஆபத்தைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. தங்கையின் படிப்புக்கும் தாயின் மருந்துக்கும் ஒதுக்கிய பணத்தை, யாரோ ஒருவர் அசைந்தால் அலை எழும் கடலில் இடுவது தகுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் கூடியிருந்து, அலை எழுமுன்னரே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.